சதுர மானிட்டரும் இடது கண்ணும்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு மூலதனம் இரண்டு கண்ணும் ஒரு திரையும்தான். கண்ணை அதன்போக்கில் விட்டுவிட்டு, திரையைப் பற்றி மட்டும் ஆயுள் முழுக்கச் சண்டை போடுவோம்.

எந்த எடிட்டர், என்ன நிறம், எத்தனை அங்குலம், மானிட்டர் ஒன்றா இரண்டா, படுக்க வைப்பதா நிற்க வைப்பதா என்று பேசியே நட்பு கசந்த கதைகள் உங்களிடமும் இருக்கும். என் கதைகள் மன்னார்குடியில் ஓர் உரக்கடையின் மாடியில் நடந்தவை. கல்லூரியில் கணக்குப் படித்து, சென்னையில் முப்பது வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, அறுபது வயதில் ஊருக்குத் திரும்பியவள் நான். வீட்டில் நான் ஒருத்திதான். மாலையில் ஒரு விளக்கைப் போட்டால் போதும். அதனால்தான் பர்வீன் கூப்பிட்ட மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். பர்வீன்தான் எங்கள் முதலாளி. நாற்பது வயது, என்னை அக்கா என்பாள். அவளையும் என்னையும் விட்டால் இளங்கோ. மூன்றே பேர். நெல் அறுக்கும் இயந்திரங்களை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை எழுதி, அவற்றை வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கொடுத்துவருகிறோம்.

சேர்ந்த இரண்டாம் வருடம் என் இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியது. எழுத்துகள் மார்கழிப் பனிக்குள் நிற்கும் ஆட்களைப் போல ஆயின. நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத புரோகிராமரை யார் வைத்துக்கொள்வார்கள்? சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அந்த ஒரு விளக்கு.

சதுரம்

பர்வீன் ஆளுக்கொரு புது மானிட்டர் வாங்கித் தந்தாள். இளங்கோவிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அவனுக்கு இரண்டாயிற்று. ஒன்றை அகலவாக்கில் வைத்தான், இன்னொன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினான். எழுதியது மேலிருந்து கீழே வாய்க்கால் மாதிரி ஓடினால்தான் எங்கே உடைப்பு என்று தெரியுமாம். விவசாயி வீட்டுப் பிள்ளை, அவனுக்கு உவமை அங்கிருந்துதான் வரும்.

என் புது மானிட்டரை இரண்டு நாள் பார்த்தேன். அந்தப் பளபளப்பில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு அப்பால் குளத்து வெயில் தெரிந்தது, நான் எழுதியது மட்டும் தெரியவில்லை. மூலையில் பழைய சதுர மானிட்டர் ஒன்று கிடந்தது. மங்கல்தான், ஆனால் கண்ணைக் கூசவைக்காது. அதைத் துடைத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். காரணம் கேட்டதற்கு, சதுரத்தில் பார்த்தால்தான் வரிகள் கச்சிதமாக வருகின்றன என்றேன். நம் தொழிலில் இப்படி ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இளங்கோ மட்டும் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "எங்க வீட்டுப் பழைய டிவிய பேரீச்சம்பழத்துக்குப் போட்டது ஞாபகம் வருது, மேடம்."

கட்சி மாறியது

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து என்பது முப்பது வருடமாக என் கட்சி. தாளில் மை இருப்பதைப் போல இருக்க வேண்டும் எனக்கு. இளங்கோ கறுப்புத் திரைக் கட்சி. என் திரையைப் பார்த்தால் டியூப்லைட்டை முறைத்துப் பார்ப்பது போலிருக்கிறது என்பான். உன்னுடையது மின்சாரம் போன வீடு என்பேன் நான். பர்வீன் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவாள்.

ஒருநாள் அந்த மங்கல் சதுரத்தில்கூட வெள்ளை, முகத்தில் கண்ணாடி அடித்த மாதிரி கூசியது. அத்தனை வெளிச்சத்தில் எழுத்துகள் கரைந்தே போயின. சத்தமில்லாமல் கறுப்புக்கு மாறினேன். இளங்கோ அதைக் கண்டுபிடித்து, ஒரு பொட்டலம் காராசேவு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். தோற்றதற்கு நானும் ஒரு கை அள்ளித் தின்றேன். அடுத்த வாரம் எழுத்தின் அளவை இருபத்திரண்டாக்கினேன். ஒரு திரைக்குப் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டு இளங்கோ, "கவிதைப் புத்தகத்துலதான் மேடம் இவ்ளோ எடம் விடுவாங்க" என்றான்.

இளம்பச்சை

ஆவணியில், குறுவை அறுப்புக்கு முன்னால் செயலிக்குப் புது முகம் தருவதென்று முடிவாயிற்று. இளங்கோ மூன்று வாரம் உட்கார்ந்து செய்தான். வெளிர் சாம்பல் தரையில் கொஞ்சமே அழுத்தமான சாம்பல் எழுத்து. பொத்தான்கள் இளம்பச்சை. எந்த அறுப்பு வண்டி வேண்டும் என்று தொட்டால், தொட்ட இடம் இன்னும் கொஞ்சம் பச்சையாகும். அவனுடைய அகல மானிட்டரில் அது முளைவிட்ட நாற்றங்காலைப் போலிருந்தது என்று பர்வீன் சொன்னாள்.

என் சதுரத்தில் அது வெறும் சாம்பல். பொத்தான் எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "எங்களுக்குத் தெரியுதே" என்பார்கள், அடுத்த கேள்வி என் கண்ணைப் பற்றி வரும். ஆகவே, வெறுமையான ஓர் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். தொழிலில் நான் செய்த பிழைகளில் இதைப் போல வெட்கப்பட்டது எதற்கும் இல்லை. இளங்கோவின் முகம் மலர்ந்துவிட்டது. "மேடமே சரின்னுட்டாங்கன்னா அப்புறம் யாரு கொற சொல்லப்போறா?"

முக்காடு

கீழ்வேளூர்ப் பக்கம் வண்டிகள் விடும் கலியமூர்த்திதான் குறை சொன்னார். அவரிடம் ஏழு வண்டிகள், பெல்ட் வண்டியும் டயர் வண்டியுமாக. ஈரமான வயலுக்கு பெல்ட் வண்டி அனுப்ப வேண்டும். டயர் வண்டியை இறக்கினால் சேற்றில் அமுங்கிவிடும், அதை மீட்பதற்குள் கதிர் கொட்டிவிடும். விவசாயிகள் கேட்கக் கேட்க, வரப்பில் நின்றபடியே போனில் பதிவு செய்வது அவர் பழக்கம். புது முகத்தை வெள்ளோட்டம் பார்க்க அவருக்குத்தான் முதலில் அனுப்பினோம். அனுப்பிய மறுநாள் கூப்பிட்டார். பெல்ட் கேட்ட ஐந்து பேருக்கு டயர் என்று பதிவாகியிருந்தது. வெள்ளோட்டம் என்பதால் எந்த வண்டியும் கிளம்பவில்லை. போன் வெளிச்சத்தைக் கூட்டி வைக்கச் சொன்னான் இளங்கோ. அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பர்வீன் காரை எடுத்தாள், மூன்று பேரும் போனோம். உச்சி வெயில். குறுவை பழுக்கத் தொடங்கித் தலை சாய்ந்திருந்தது. அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. கலியமூர்த்தி போனை இளங்கோவிடம் நீட்டினார். இளங்கோ திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் போனில் பார்த்தான், பர்வீனின் போனை வாங்கிப் பார்த்தான். நாற்றங்கால் எதிலும் இல்லை. வெயில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. அப்புறம் கலியமூர்த்தி தன் தோள் துண்டைத் தலையோடு போர்த்தி, போனையும் அதற்குள் இழுத்துக்கொண்டு பதிவு செய்து காட்டினார். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது: "நம்ம வண்டிய நாமளே அனுப்பறதுக்கு இப்படி முக்காடு போடணுமாம்மா?"

வரப்பில் சொன்னது

இளங்கோ தலை குனிந்து நின்றான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மூன்று வார உழைப்பு வீணாகாமல் இருக்க என்னுடைய ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எனக்கு முதல் நாளே பொத்தான் தெரியவில்லை என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று பர்வீன் கேட்டாள். கண்ணில் புரை, இரண்டு வருடமாக மறைத்துவந்தேன் என்றேன். சதுர மானிட்டர், கறுப்புத் திரை, இருபத்திரண்டு, எல்லாவற்றையும் அந்த வரப்பிலேயே சொல்லி முடித்தேன். எல்லோரும் காரில் ஏறினோம். மேஜையைக் காலி செய்ய ஒரு பை போதுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு மலிவான பழைய போன் இருந்தது. பக்கத்தில் பர்வீன் நின்றாள். இனி எந்தத் திரையும் முதலில் என் சதுரத்தில் வர வேண்டும், பிறகு அந்த போனில் மொட்டை மாடி வெயிலில் வர வேண்டும், இரண்டையும் நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே போகும் என்றாள். இரக்கப்படுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அதில் இரக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது. "அக்கா, திரை சரியாத் தெரியாதவங்களுக்குத்தான் நாம எழுதறோம். இங்க அது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க, அதப் போயி மறைச்சு வச்சிருக்கீங்க."

பதினொரு நாள்

பதினொரு நாளில் திருத்தினோம். இளங்கோ தன் இரண்டு மானிட்டரையும் அணைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அவன் நிறம் மாற்றுவான், நான் "தெரியல" என்பேன். மறுபடி மாற்றுவான். ஒரு நாளைக்கு அந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னேனோ. இரண்டு வருடம் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த சொல், அது இப்போது என் உத்தியோகமாகிவிட்டது. கடைசியில் வெயிலுக்கு ஏற்ற வெள்ளையில், என் கண்ணும் தப்பவிடாத கெட்டிக் கறுப்பு எழுத்து, உள்ளங்கை அகலப் பொத்தான், பெல்ட்டுக்கும் டயருக்கும் நிறத்தோடு தனித்தனிப் படம். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியதைப் போலிருந்தது.

புரட்டாசியில் அறுப்பு தொடங்கியது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்ட வாரத்தில்கூட ஒரு வண்டி மாறிப்போகவில்லை, ஒன்றும் சேற்றில் அமுங்கவில்லை. அதற்குப் பிறகு நாகப்பட்டினத்துப் பக்கம் இன்னும் நான்கு பேர் எங்கள் செயலியைக் கேட்டு வாங்கினார்கள். கலியமூர்த்தி ஒரு சாக்கு நெல்லோடு அலுவலகத்துக்கே வந்தார். என் சதுர மானிட்டரை ஒரு கோயில் சிலையைப் பார்ப்பதைப் போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல பாத்துத்தான் செஞ்சீங்களாம்மா? அப்படின்னா இத மாத்திடாதீங்க."

வலது கண்

கார்த்திகை அடைமழையில் பர்வீன் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வைத்தாள். கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து அலுவலகம் போன அன்று, படியேறி உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சந்தன நிறம் என்று நான் நினைத்திருந்த சுவர் வெள்ளை. என் சதுர மானிட்டரின் ஓரமெல்லாம் கீறல். இளங்கோவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. எழுத்தைப் பதினான்குக்குக் குறைத்தேன். முப்பது வருடப் பழக்கப்படி திரையை வெள்ளையாக்கினேன். கட்சி திரும்பியதற்குக் காராசேவு கேட்டேன், அன்றே வாங்கிவந்துவிட்டான்.

சாயங்காலம் இளங்கோ புதிதாக ஒரு திரையைக் காட்டினான். ஓரத்தில் மிக மெல்லிய சாம்பலில் ஒரு குறிப்பு இருந்தது. தெரிகிறதா என்று கேட்டான். நான் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன், பரீட்சையில் தேறியவளைப் போல நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பர்வீனைத் திரும்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "இனிமே எங்களுக்கு யாரு மேடம் தெரியலன்னு சொல்லுவா?"

நான் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். சுவர் மறுபடியும் சந்தன நிறமாயிற்று, குறிப்பு காணாமல் போனது.

ஆக, பதினான்கு அளவில் எழுதுவதற்கு ஒரு கண்ணும் "தெரியல" சொல்வதற்கு ஒரு கண்ணுமாக இப்போது எனக்கு இரண்டு வேலை, இடது கண்ணையும் சீக்கிரம் செய்துவிடலாம் என்கிற டாக்டரிடம் சம்பா அறுப்பு முடியட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறேன்.