பிரேக்குக்கு எண்ணெய்க் குளியல்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரமனைப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு. கால் மணி நேரத்துக்கு முன்பு வரை எனக்கு வேலை இருந்தது. படுக்க இடமும் இருந்தது. ஒர்க்‌ஷாப்பின் பின்புறம், சொந்தக்காரர் திரும்பியே வராத ஒரு காரின் பின் சீட். வேலை போனதும் சீட்டும் போயிற்று.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற நீங்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மாட்டீர்கள். ஓர் ஓணத்திலிருந்து அடுத்த ஓணம் வரை நான் எந்த வேலையிலும் நின்றதில்லை. சோம்பேறி என்று அனுப்பியிருக்கிறார்கள். அதிகம் சாப்பிடுகிறான் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒரு லாட்ஜில் முகம் சரியில்லை என்று கூட அனுப்பினார்கள். ஆனால் சரியாகச் சொன்னதற்காக அனுப்பியது இதுதான் முதல் தடவை.

என்ன சொன்னேன்?

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் விசுவநாதன் சார் என்று ஒருவர். அரசாங்கத்தில் பாலம் கட்டும் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசடர். என்னைவிடச் சில வயதுதான் குறைவு, என்னைவிட நன்றாகப் பராமரிக்கப்படுவது. சில வருடங்களுக்கு முன்பு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டிக்கொண்டார். டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் ‘பேட்’ என்கிற கட்டைகள் அதைக் கவ்வும். வண்டி நிற்கும். சாரின் வண்டியும் நிற்கும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூச்சல் போடும் பாருங்கள்... பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒர்க்‌ஷாப் முதலாளி சசியண்ணன் மோசமானவர் இல்லை. காரணம் தேடும் பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான். சத்தம் என்றால் பேடை மாற்று. ஒரே மாதத்தில் மூன்று தடவை மாற்றினார். மூன்று தடவையும் வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் போன வண்டி திங்கட்கிழமை கத்திக்கொண்டு வந்தது.

நான்காம் தடவை என்னைக் கூடப் போகச் சொன்னார். நான் அங்கே வண்டி கழுவுகிறவன்தான், ஆனால் காது நன்றாகக் கேட்கும். நீறமன்கரைப் பக்கம் நீளமான மதில் ஒன்று இருக்கிறது. மதிலை ஒட்டி ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, எந்தச் சக்கரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். சார் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது சக்கரம் கத்தியது. திரும்பி வரும்போது பின் சீட்டில் வலது ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன். வலதும் கத்தியது.

“இன்னும் பலமா மிதிங்க சார்.”

ஏழெட்டுத் தடவை மிதித்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நேந்திரங்காய் சிப்ஸ்!

சுற்றிலும் பார்த்தேன். சிப்ஸ் கடையும் இல்லை, டீக்கடையும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் மூன்று மாதம் சிப்ஸ் வறுக்கும் அடுப்புக்கு முன்னால் நின்றவன் நான். தேங்காய் எண்ணெய் காய்ந்து புகையும் வாசனையைத் தூக்கத்தில் கூடச் சொல்வேன். இறங்கிக் குனிந்து முன் சக்கரத்தை மோந்தேன். ரோட்டில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“சார், டிஸ்க்கில எண்ணெய் எப்படி வந்தது?”

“நான்தான் தேய்க்கறேன்.” அவருக்கு ஒரே பெருமை. “சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கறது எங்காத்து வழக்கமாக்கும். எனக்குத் தேச்சது போக மிச்சம் வண்டிக்கு. கதவுக் கீல், பூட்டு, எல்லாத்துக்கும். இந்த டிஸ்க் இருக்கே, கடல் காத்துல ஒரே ராத்திரியில துருப் பிடிக்கறது. ஸ்டியரிங்கைத் திருப்பி வெச்சுண்டு, பின்னாடி கையை விட்டு நன்னாத் தேச்சுடுவேன்.”

“ஐயோ சார், அதுல எண்ணெய் படவே கூடாது. அந்தத் துரு ரெண்டு தடவை பிரேக் பிடிச்சா தானா போயிரும்.”

“உங்க சசி மட்டும் பேடுக்கு கிரீஸ் தடவறானே? நான் பாத்துண்டுதானே இருந்தேன்?”

“அது பேடோட முதுகுல சார். முகத்துல தடவக் கூடாது.”

ஒர்க்‌ஷாப் பக்கம் வண்டியைத் திருப்பினார். வந்ததும் சசியண்ணனிடம் புதுப் பேடுகளை மாட்டச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை ஆத்துக்காரியைப் பொன்முடிக்குக் கூட்டிண்டு போறேன். சத்தமே இருக்கப்படாது.”

பொன்முடி மலைப்பாதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வளைவுக்குப் பின் வளைவு. ஏறுவது என்ஜினின் கவலை, இறங்குவது பிரேக்கின் கவலை. நாளை சனிக்கிழமை. எண்ணெய். நாளை மறுநாள் மலை. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

“சார், நாளைக்கு மட்டுமாவது தேய்க்காதீங்க. எறங்கும்போ வழுக்கிரும்.”

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “நீ எத்தனாம் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கே?”

“ஏழு. அதுல பாதி.”

“நாப்பது வருஷம் பாலம் கட்டினவனுக்கு ஏழரைக் கிளாஸ் எண்ணெய் பத்திப் பாடம் எடுக்கறது, பாத்தியா சசி?”

ஆறரை, உண்மையில். திருத்தவில்லை.

சசியண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். “அண்ணாச்சி, சார்கிட்ட ஒரு மாப்பு பறஞ்சா தீர்ந்தது. இருபது வருஷமா வர்ற கஸ்டமராக்கும்.”

“டிஸ்க்கில எண்ணெய் இருக்குதே அண்ணா?”

“எண்ணெய்கிட்ட பறயண்டா, சார்கிட்ட பற.”

பறைவது என்றால் மலையாளத்தில் சொல்வது; மன்னிப்பை நான் பறையவில்லை. டிஸ்க் இரண்டையும் பெட்ரோல் விட்டுச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். சசியண்ணன் புதுப் பேடுகளை மாட்டிவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டி, கிள்ளிப்பாலம் முக்கில் வந்து நின்றேன். ஒரு வழி தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு. அங்கிருந்து நாகர்கோவில் போகலாம், கொல்லம் போகலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்னொரு வழி கோட்டைக்குள். வண்டியைக் கொண்டுபோய் விட்டதில் சார் வீடு தெரியும். சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போயிருப்பார் என்பதும் தெரியும். எனக்கென்ன வந்தது? மலையில் உருளப்போவது நானா? இப்படிக் கேட்டுக்கொண்டே அக்ரஹாரத்தில் பாதித் தெரு நடந்திருந்தேன்.

சாரின் மனைவி, மாமி, சமையலறை மிக்ஸியில் புளியோதரைப் பொடி அரைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு. வாசலிலிருந்தே குரல் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன்.

“எண்ணெய் தேய்க்கறது எனக்குத் தெரியுமே” என்றபடி வந்தார். “எங்கிட்டதானே கிண்ணத்தை நீட்டறார். அதனாலயா கத்தறது?”

“கத்தினா பரவால்ல மாமி. மலை எறங்கும்போ முன் பிரேக் சரியாப் பிடிக்காது. பின் சக்கரத்தை மட்டும் நம்பி எறங்கணும்.”

மாமி கையிலிருந்த கரண்டியைத் திண்ணையில் வைத்தார்.

“போக வேண்டாம்னு சொல்லிப் பாருங்களேன்” என்றேன்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கூட்டிண்டு போறேன், கூட்டிண்டு போறேன்னார். இப்பத்தான் முகூர்த்தம் வந்திருக்கு. நான் போய் வேண்டாம்னு சொல்லணுமாக்கும்?”

“அப்ப எண்ணெய் வேண்டாம்னு...”

“சொன்னா ரெண்டு கிண்ணம் கேப்பார்.” ஒரு பெருமூச்சு. “இந்தாத்துல மோட்டார், மிக்ஸி, குழாய் எல்லாத்தையும் அவர்தான் ரிப்பேர் பண்ணுவார். அப்பறம் அவர் இல்லாத நேரமாப் பாத்து நான் ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணுவேன். அது நடக்கறது.”

பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்பதுபோலத் தெருவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வண்டிக்குத் தேச்சுட்டு அவர் ஒரு மணி நேரம் எண்ணெயோட ஊறுவார். அப்பறம் வெந்நீர் ஸ்நானம். ஆத்தைவிட்டு வெளிய வரவே மாட்டார். நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு வந்துடுங்கோ. கார் கழுவ ஆள் வெச்சிருக்கேன்னு சொல்லிக்கறேன். ஒரு நேரம் டிபன் உண்டு.”

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. அதை யாரிடம் சொல்வது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக் வேலை. சசியண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் தூங்கினேன். கொசுவைத் தவிர வேறு புகார் இல்லை. காலை ஏழு மணிக்கு வாளியும் துணியுமாகப் போய் நின்றேன். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து எண்ணெய் வழிய, வலது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தார். கை முழங்கை வரை மினுமினுத்தது.

“நீயா? வேலை போயிடுத்துன்னு சசி சொன்னான்.” கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது. “சரி, போறது. வந்த இடத்துல ஒழுங்கா இரு. வண்டியை நன்னாக் கழுவு. ஆனா டிஸ்க்கை மட்டும் தொடப்படாது, கேட்டியா? அது நான் பாத்துக்கறேன்.”

“சரி சார்.”

அவர் உள்ளே போனதும் மாமி ஜன்னல் வழியே ஒரு சின்ன பெட்ரோல் பாட்டிலை நீட்டினார். துடைத்தேன். இரும்பு நிறம் தெரியும் வரை துடைத்தேன், வண்டியைக் கொஞ்சம் தள்ளி, பேடுக்கு அடியில் மறைந்திருந்த இடத்தையும் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். ஏற்றத்திலும் சத்தம் இல்லை, இறக்கத்திலும் சத்தம் இல்லை. சனிக்கிழமைதோறும் இப்போது இதுதான் என் வேலை. அவர் தேய்ப்பார், நான் துடைப்பேன்.

போன வாரம் சார் ஒர்க்‌ஷாப்புக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்: “சசி, உன் பேடால ஒண்ணும் இல்லை... எண்ணெய் ஊற ஊறத்தான் சத்தம் நின்னுது!”