வெந்நீர் குடித்த வீடு

அந்த வருஷம் பங்குனிப் பொங்கல் வருவதற்கு முன்னாலேயே எங்கள் தெருவில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. முதலில் படுத்தது என் அண்ணன் மனைவி. அண்ணன் வீடும் என் வீடும் ஒரே சுவர். மதினிக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. கண் மஞ்சளாக இருந்தது. கோடைச் சூட்டில் பித்தம் ஏறிவிட்டது என்றார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். எண்ணெய், புளி, காரம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். வேப்பங்கொத்து வைத்து மந்திரிக்கிறவரையும் வரவழைத்தோம். காமாலைக்கு ஆஸ்பத்திரி போவது அப்போது சிவகாசியில் எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றாத காரியம். அம்மை போட்டால் அம்மன், காமாலை வந்தால் பித்தம், இதில் டாக்டருக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் மனைவி அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அம்மன் கொடுத்தது. காமாலைக்காரியின் கண்ணோ கையோ பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் மதினி வீட்டுப் பக்கம் போகாதே என்று அவளிடம் சொல்லிவைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போவதை மட்டும் தடுக்கவில்லை. தெருவுக்கே அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அம்மன் அபிஷேகத்துக்கும் அதில்தான் இறைப்போம்.

மதினிக்குப் பிறகு இன்னும் சில வீடுகளில் படுத்தார்கள். ஒருநாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் சாக்குப் பை கட்டிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர். கிணற்றடியில் நின்று, "இந்த வியாதி தண்ணியில வருது. கிணத்துக்குப் பவுடர் போடணும்" என்று பையைப் பிரித்தார்.

உள்ளே வெள்ளைப் பொடி. கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். நானும் அங்கேதான், குச்சியை மருந்தில் முக்கும் இடத்தில் இருந்தேன். எங்களுக்கு வெள்ளைப் பொடி என்றால் ஒன்றுதான் தெரியும், குச்சி மருந்துக்குப் போடுகிற உப்பு. கந்தகத்தோடு சேர்ந்து ஒரு கல் உரசினால் போதும், கையைக் கொண்டுபோய்விடும்.

"ஏலே, இது நம்ம உப்புல்லாலே! இதையா கெணத்துல கொட்ட வந்திருக்காரு?" என்றான் என்னோடு வேலை பார்ப்பவன்.

"இல்லப்பா, இது பிளீச்சிங் பவுடர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேரு என்னமும் இருக்கட்டும் ஐயா. நாங்க நெதமும் இதுக்குள்ளயே கெடந்து சாகுறவுக. எங்களுக்கா தெரியாது?"

அவன் ஓடிப்போய் வீட்டிலிருந்து கொஞ்சம் கந்தகம் கொண்டுவந்தான். துவைகல்லின் மேல் இரண்டையும் ஒரு சிட்டிகை வைத்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, சின்னக் கல்லால் ஓங்கிப் போட்டான். சத்தம் இல்லை. மறுபடியும் போட்டான். பொடி பறந்து மூக்கில் ஏறி, அவன் தும்மியதுதான் மிச்சம்.

"தும்மல் நல்லா வெடிக்குதுலே. பொங்கல் வேட்டுக்கு நீயே போதும்" என்றாள் குடத்தோடு நின்ற எதிர்வீட்டு அக்கா. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. காலராவுக்குப் போடுகிற பவுடர் காமாலைக்கு எதற்கு என்றார்கள் வயசானவர்கள். அதே தண்ணீரைக் குடிக்கிற எல்லாருக்கும் ஏன் வரவில்லை என்றார்கள். எல்லாருக்கும் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை, நோயாளி கழிக்கிற மலம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் கலக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பூசாரிக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன பேச்சு பேசுறீக? அம்மா குளிக்கிற தண்ணி இது. அதுல போயி அது கலக்குதுன்னு சொல்றீகளே, வாய் கூசலையா?"

கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டார்கள். சிவப்பு வந்தால் சம்மதம். பூசாரி கண்ணை மூடி எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தது. இன்ஸ்பெக்டர் பையைக் கட்டினார்.

நான் தெருமுனை வரைக்கும் அவர் கூடப் போனேன். வீட்டில் மாசமாக இருக்கிறாள், காமாலைக்காரி கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"மாசமா இருக்கறவங்களுக்கு இது வந்தா தாங்கறது கஷ்டம். தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடுங்க. வேற பச்சைத் தண்ணி வாயில படவே கூடாது. கண்ணு பட்டு வரும்கிறதெல்லாம் சும்மா."

அன்று சாயங்காலம் சந்நிதியில் வெகுநேரம் நின்றேன். அம்மனிடம் நாங்கள் கேட்டது கிணற்றைப் பற்றி. என் வீட்டு அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் கழித்துப்போடும் கட்டைகளை வாங்கிவந்து, மறுநாளிலிருந்து நானே தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்தேன்.

மனைவி சண்டை பிடித்தாள். "ஊருல இருக்கிற சூடு பத்தலைன்னு வயித்துக்குள்ளயும் வெந்நிய ஊத்தச் சொல்றீகளா? பிள்ளை வெந்துராது?"

"மண்பானையில ஆற வச்சுத்தான குடுக்கேன்."

"புகை வாடை அடிக்குது. சீக்காளிதான் வெந்நி குடிப்பா. எனக்கு என்ன சீக்கு?"

இதையேதான் தெருவும் கேட்டது. தினமும் வெந்நீர் போடுகிற வீட்டில் யாருக்கோ மேலுக்குச் சுகமில்லை, அவளுக்கும் காமாலைதான், மறைக்கிறார்கள் என்று பேச்சானது. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா வளையலை எடுத்துக்கொண்டு அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து உற்றுப் பார்த்தாள். என் மனைவி தன் விரலாலேயே கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்கக்கா. அந்தக் கண்ணையும் பாருங்க. நாளைக்கு வேற மாதிரி சொல்லப்படாது."

"அடியாத்தே, கண்ணு பாலாட்டம்ல இருக்கு!" என்று அக்கா சிரித்தாள். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். வளையல் ஏறியது.

அப்போது மதினி உள்ளே வந்தார். உடம்பு தேறி அன்றைக்குத்தான் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்தியிருந்தார். கையில் செம்பு. அபிஷேகத் தீர்த்தம். "முதல்ல அம்மா தீர்த்தத்தைக் குடி தாயி, எல்லாம் சரியாயிரும்" என்று என் மனைவியின் வாயருகே கொண்டுபோனார்.

கிணற்றுத் தண்ணீர். பவுடர் படாத தண்ணீர். மனைவி என்னைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் மதினியின் கையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் காமாலையில் கிடந்த கை.

நான் கூட்டத்துக்குள் போய்ச் செம்பை வாங்கினேன். அம்மனை நினைத்துக்கொண்டு மனைவியின் தலையில் கொஞ்சம் தெளித்தேன். மிச்சத்தைச் சொட்டு விடாமல் நானே குடித்தேன்.

"கொழுந்தனாருக்கு அம்புட்டுத் தாகமா?" என்றார் மதினி. யாரும் சிரிக்கவில்லை. காலிச் செம்பை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

ஆடிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். எனக்கும் ஒன்றும் வரவில்லை. மதினி குழந்தையை வந்து பார்த்தார், ஆனால் தூக்கவில்லை. தன் கை பட்டது என்பதால்தான் அன்றைக்கு நான் தடுத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கை இல்லை, தண்ணீர்தான் என்று சொன்னால் அது அம்மனைச் சொன்னதாக ஆகும். நானும் சொல்லவில்லை.