சீலாவும் இரண்டு மீட்டர் அலையும்

எங்கள் காரில் ஐந்து பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் மனைவி நாலு பேர்தான் என்பாள். முன்னால் இடது பக்கம் உட்காருகிறவர் காலைப் பின்னுக்கு இழுத்தால் குதிகால் ஓர் இரும்புப் பெட்டியில் இடிக்கும். அதனால் அந்த இருக்கையை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பெட்டிதான் என் ரேடியோவின் உடம்பு. அதன் முகம் தனியாகக் கழன்று வரும். முகத்தை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டு, உடம்பை இருக்கைக்கு அடியில் மறைத்து, இரண்டையும் ஒரு வயரால் இணைத்திருக்கிறேன். முகத்தில் பதினெட்டுப் பொத்தான்கள். நான் பயன்படுத்துவது ஏழு. லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்குக்காகப் பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே செட்டில் அடக்கம். இருபது மீட்டர், நாற்பது மீட்டர் என்கிற நீண்ட அலைகளில் பேசினால் குரல் வானத்தில் பட்டுத் திரும்பி வேறு நாட்டில் இறங்கும். இரண்டு மீட்டர் அலை அப்படித் திரும்பி வராது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தோடு சரி.

வீட்டில் வைத்துப் பேசலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் தெருவில் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், கொசுவை அடிக்கிற மட்டைக்குச் சார்ஜர் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இரைகிறது. எல்லாமாகச் சேர்ந்து ரேடியோவுக்குள் வடை பொரிகிற சத்தம். காரில் முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே கடலோரம் போகிற மண்பாதையின் கடைசியில் நிறுத்தினால் அந்தச் சத்தம் இல்லை. உப்புத்தண்ணீர் ரேடியோ அலைக்கு வழுவழுப்பான தரை. ஆனால் அதே உப்புக் காற்று ஆன்டெனாவின் அடிப்பாகத்தைத் தின்னும். வாரம் ஒருமுறை வாஸ்லின் தடவாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கிற டாலி வேலையில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் கவலைகளை எண்ணுகிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

கடலுக்கு அந்தப் பக்கம், கற்பிட்டியில், எனக்கு ஒரு நண்பர் இருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய பள்ளிக்கூட வாத்தியார். என்னைவிட இரண்டு வயது இளையவர். தினமும் காலையில் நீண்ட அலையில் பேசிக்கொள்வோம். நேரில் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஆசை: வானத்தின் தயவில்லாமல் ஒரு தடவை பேசிவிட வேண்டும். இரண்டு மீட்டர் அலையில், நேராகக் கடலை ஒட்டி. எங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தண்ணீர். சாதாரண நாளில் நடக்காது. தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடை தொடங்காத அந்தச் சில வாரங்களில், கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிற சாயங்காலங்களில் மட்டும், தண்ணீருக்கு மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்று அலையைக் கீழேயே அமுக்கிக் கொண்டுபோகும். மற்றவர்கள் பேசியிருக்கிறார்கள். நாங்கள் பேசியதில்லை.

இந்த வருஷம் அந்த ஆசைக்குக் கெடு வந்துவிட்டது. அவர் தன் மகளோடு இருக்க மலைநாட்டுக்குக் குடிபெயர்கிறார். மகளின் வீடு இரண்டு மலைகளுக்கு இடையில், பள்ளத்தில். அங்கிருந்து நீண்ட அலை எப்படியாவது வெளியே வரும். இரண்டு மீட்டர் அலை எதிர் மலையில் முட்டிக்கொண்டு நிற்கும். புதன்கிழமை காலையில் ஆன்டெனாவை இறக்கி லாரியில் ஏற்றுவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் நடந்தால் உண்டு.

தினமும் மாலை ஆறு மணியிலிருந்து அரை மணி நேரம் என்று பேசி வைத்திருந்தோம். ஒற்றைப்படை நிமிடத்தில் நான் கூப்பிடுவேன், இரட்டைப்படை நிமிடத்தில் அவர். கேட்கிறதா என்று போனில் விசாரிக்கக் கூடாது. போனில் விசாரித்துவிட்டு ரேடியோவில் கேட்டது என்று சொல்வது எங்கள் வட்டாரத்தில் மரியாதை இல்லை. முதல் வார்த்தையாகச் சொல்வதற்கு நான் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். “கடல் வழியே, வானத்தின் உதவியில்லாமல், என் குரல் உங்கள் கரையை வந்து சேர்ந்ததில் பெருமகிழ்ச்சி.” பதினொரு சொற்கள். குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிறது என்று மனைவியிடம் திட்டும் வாங்கினேன்.

சனிக்கிழமை மச்சினன் காரை இரவல் கேட்டான். அவன் என் மனைவியின் தம்பி. அவர்கள் புன்னைக்காயல் குடும்பம். அவன் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறான். மறுநாள் கோயிலில் அவன் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற சடங்கு. விருந்துக்கு மீன்பிடித் துறைமுக ஏலத்தில் சீலா, அதாவது வஞ்சரம், எடுக்க வேண்டும், வண்டி வேண்டும் என்றான். ஏலத்தில் நல்ல மீன் கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். டிக்கியில் வாடகைப் பாத்திரங்கள் இருந்ததால் மீனை ஐஸோடு சாக்கில் கட்டி, முன் இருக்கைக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் படுக்கவைத்து ஓட்டி வந்தான். இந்த ஊரில் யாரும் காரில் சீலாவைப் பார்த்து, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்க மாட்டார்கள். சாக்கு எதற்கு, பை வாங்கினால் என்ன என்றுகூட யோசிக்க மாட்டார்கள்.

அவன் கதவைத் திறந்தபோது தண்ணீர் சொட்டியது. நான் முதலில் ஃப்யூஸைப் பிடுங்கினேன். பிறகு பெட்டியைக் கழற்றிச் சாய்த்தேன். காற்றுத் துளைகள் வழியாகச் சிவப்பு கலந்த தண்ணீர் ஒழுகியது. மீன் தோல் துணுக்கு ஒன்று மின்விசிறியில் ஒட்டியிருந்தது.

“அத்தான், மீனுக்கு ஒண்ணும் ஆகல” என்றான் மச்சினன், எனக்கு ஆறுதலாக.

உப்புத் தண்ணீர் குடித்த எந்திரத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. படகு எஞ்சின் கடலில் விழுந்தால் எடுத்த கையோடு நல்ல தண்ணீர் டிரம்மில் முக்குவார்கள். உப்பு காய்ந்தால்தான் தின்னத் தொடங்கும். ஈரம் காத்திருக்கும், உப்பு காத்திருக்காது. அது எஞ்சினுக்கு. என் ரேடியோவின் திறந்த வயிற்றில், எறும்பு அளவுச் சாமான்கள் நூற்றுக்கணக்கில் பளபளக்கிற அந்தப் பச்சைப் பலகையில், என் கையாலேயே தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூடியின் ஸ்குரூக்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

மனைவி வந்து பார்த்தாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரே பாதி உப்பு என்பதால் குடிக்கிற தண்ணீர் கேனைத் தம்பியைச் சாய்க்கச் சொன்னாள். அரிசி களைவது போல மூன்று முறை களைந்து வடித்தாள். ஒவ்வொரு தடவை தண்ணீர் விழும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காயவைப்பது அடுத்த சிக்கல். மாடியில் வைத்தால் காற்றிலேயே உப்பு. கடைசியில் காருக்குள்ளேயே, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நடு வெயிலில் வாசலில் நிறுத்தி, இருக்கையில் துண்டை விரித்து அதன்மேல் மூடி திறந்தபடி வைத்தோம். பூட்டிய கார் நம் ஊர் வெயிலில் நல்ல அடுப்பு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அது வெந்தது. மிதியடியில் ஊறிய சீலாத் தண்ணீரும் கூடவே வெந்தது. போகிறவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்து, வத்தல் போட்டிருக்கிறீர்களா, கருவாடு போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள்.

அந்த மூன்று நாளும் காலையில் நண்பரிடம் பேச முடியவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பதினாறு விதமாக நினைத்துப் பார்த்தேன். ஒரு போன் போட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள் மனைவி. போன் போட்டால் கேட்டதா என்ற பேச்சு வந்துவிடும், புதன்கிழமை வரை வேண்டாம் என்றேன். அவள் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு வந்து, தானும் வருவதாகச் சொன்னாள். தன் தம்பி செய்த வேலை, பலனைத் தானும் பார்க்க வேண்டுமாம். பெட்டியை மூடிப் பழைய இடத்தில் பொருத்தி, ஃப்யூஸைச் செருகினேன். மச்சினனும் வந்தான். குதிகால் இடிக்கிற இருக்கையில் அவனையே உட்காரவைத்தாள்.

உப்பளப் பாதையில் கண்ணாடிகள் நான்கையும் இறக்கிவிட்டுப் போனோம். மழைக்கு முன் உப்புக் குவியல்களை ஓலையால் மூடிக்கொண்டிருந்தார்கள். மூடியது இருபத்தொன்று, மூடாதது ஒன்பது. பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினேன். கடல் அசையவில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தண்ணீரை விட்டுச் சற்று மேலே தூக்கி வைத்தது போலத் தெரிந்தன. ரேடியோ அலை கடலை ஒட்டிப்போகிற நாளின் அடையாளம் அது.

பொத்தானை அழுத்தினேன். முகம் ஒளிர்ந்தது. நீண்ட அலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி. இரண்டு மீட்டருக்குத் திருப்பினேன். இரைச்சல் வந்தது. உயிருள்ள இரைச்சல்.

ஆறு மணிக்குக் கேட்டேன், யாரும் இல்லை. ஆறு ஒன்றுக்கு, லைசென்ஸோடு எனக்கென்று தந்திருக்கிற அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆறு இரண்டு, இல்லை. இப்படியே ஆறு இருபது வரை. என் மூன்று நாள் மௌனத்தைப் பார்த்து அவர் அன்றைக்கே ஆன்டெனாவை இறக்கியிருப்பாரோ என்று தோன்றத் தொடங்கியது. ஆறு இருபத்தொன்றுக்கு மைக்கின் பொத்தானை அழுத்தி, அழைப்புக்குறியைச் சொல்லி, விரலை எடுத்து, மைக்கை மடியில் போட்டேன்.

“இந்த நாத்தத்துல அலை எப்படிப் போகும்? மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்திருக்கும்” என்றேன்.

“நாத்தம் இப்போதான் தெரியுதா?” என்றாள் மனைவி, பின்னாலிருந்து. “ஞாயித்துக்கிழமை விருந்துல தெரியலையே. நடுத்துண்டு மூணு உங்க எலையில.”

“ரெண்டு.”

“மூணு. நான்தான் வச்சேன். உப்புக் குவியலை எண்ணுதீங்க, கப்பலை எண்ணுதீங்க, தின்னதை மட்டும் எண்ண மாட்டீங்க.”

“ரெண்டாவது வச்சதுலயே முள்ளுதான் இருந்துது. அதைத் துண்டுன்னு சொல்ல முடியாது.”

“சீலாவுல முள்ளா? ஏலே, நீ சொல்லு.”

மச்சினன் ரேடியோவின் முகத்தைக் காட்டினான். “அத்தான், இந்தச் சிவப்பு லைட்டு எதுக்கு?” என்றான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் நாம் பேசுவது வெளியே போகிறது என்று அர்த்தம். விரலை எடுத்தால் அணைய வேண்டும். அணையவில்லை. மடியில் கிடந்த மைக்கை எடுத்துத் தட்டினேன், உதறினேன். சனிக்கிழமை மைக்கும் இருக்கைக்கு அடியில் பெட்டியோடுதான் கிடந்தது; பெட்டியைக் களைந்தோமே தவிர மைக்கைக் களையவில்லை. அதன் பொத்தானுக்கு அடியில் உப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரட்டைப்படை நிமிடமும் போய், அடுத்த ஒற்றைப்படையும் பாதி போயிருந்தது. வேறு வழி தெரியாமல் மைக்கின் வயரையே பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது. இரைச்சல் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

மெல்லிசாகத் தொடங்கி, கிட்டே வந்து, காருக்குள் நிறைந்த சிரிப்பு. தினமும் காலையில் வானத்தில் பட்டு நசுங்கி வருகிற அந்தக் குரல், முதல் தடவையாக நசுங்காமல் வந்தது. அவர் தன் அழைப்புக்குறியைச் சொன்னார், என்னுடையதைச் சொன்னார். பிறகு:

“மூண்டு துண்டு எண்டு அக்கா சொன்னது வடிவா விளங்கினது. அக்காவுக்கு ஐந்து-ஒன்பது. உங்களுக்கு ஐந்து-ஏழுதான், நீங்கள் பிழையான கணக்கைச் சொல்லேக்க குரல் இறங்குது.”

ஐந்து-ஒன்பது என்பது ரேடியோவில் முழு மதிப்பெண். மச்சினன் கை தட்டினான். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஐயோ, எல்லாத்தையுமா கேட்டாரு?” என்று என் முதுகில் குத்தினாள்.

பேச வேண்டுமென்றால் மைக்கின் வயரைச் செருக வேண்டும், கேட்க வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும். இப்படிச் செருகியும் பிடுங்கியும் பேசினோம். அவருக்கும் ஐந்து-ஒன்பது கொடுத்தேன். மூன்று நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்; மீன் கதையைச் சொன்னேன். மணம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, காத்திருக்கிறேன் என்றார். லாரி காலையில் வந்துவிடும் என்றும், அவர் மனைவி இப்போதே ஆன்டெனா கட்டிய கயிற்றைத் துணிமூட்டை கட்டக் கேட்கிறாள் என்றும் சொன்னார். குறித்திருந்த அரை மணி முடிந்த பிறகும் பேசினோம். ஏழு மணி ஆவதற்குள் அவர் குரலின் ஓரங்களில் இரைச்சல் அரிக்கத் தொடங்கியது. போய்விட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதில் “போய்” மட்டும் கேட்டது.

திரும்பி வரும் வழியில்தான் அந்தப் பதினொரு சொற்கள் ஞாபகம் வந்தன. சொல்லவே இல்லை.

ரேடியோவின் நீண்ட அலைப் பகுதியில் ஒரு சாக்கெட் பச்சை பூத்திருந்தது, சுரண்டியதும் சரியாகிவிட்டது. மைக்கையும் களைந்தாயிற்று. இப்போது தினமும் காலையில் அவர் மலையிலிருந்து பேசுகிறார், குரல் முன்போல நசுங்கித்தான் வருகிறது. முதலில் அக்காவை விசாரிப்பார். கார் இன்னும் நாறுகிறது, மழைநாளில் அதிகம்.

பேசியதற்குச் சான்றாக இரண்டு பேரும் அட்டை அனுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். அவருடைய அட்டை போன மாதம் வந்தது. நேரம், அலைவரிசை, மதிப்பெண் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறார். கடைசியில் குறிப்பு என்ற கட்டத்தில் “சீலா, 3” என்று போட்டிருக்கிறார். அனுப்பிய அட்டையைத் திருத்துவதற்கு எங்கள் விதிகளில் இடமில்லை. என் மனைவி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.

இரண்டுதான்.