செல்வநாயகி அம்மா போட்ட விடுவிப்பு மனு

செய்தி வந்தபோது ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் அப்போதுதான் சாதம் விழுந்தது. போனில் வழக்கறிஞர் செல்வநாயகி அம்மாவின் குமாஸ்தா. “பி.பி. சார், அம்மா போயிட்டாங்க. கோர்ட்டுக்குக் கெளம்பி உக்காந்திருந்தாங்க. நான் கறுப்புக் கோட்டை எடுத்துட்டு வர்றதுக்குள்ள நாற்காலியிலயே சாஞ்சுட்டாங்க சார்.” நான் எழுந்துவிட்டேன். பக்கத்து இலைக்காரர், “ஏனுங்க, சாப்புடாமயே எந்திரிக்கிறீங்க?” என்று கேட்டார். இலையை மூடிவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

அரசு வழக்கறிஞராக இருந்த காலம் முழுவதும் நான் அந்த அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றவன். ஓய்வுபெற்ற பிறகும் என்னைப் பி.பி. என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் பலமுறை தோற்றிருக்கிறேன். அப்படிப்பட்டவனை அஞ்சலி எழுதச் சொன்ன இளம் வழக்கறிஞர்களுக்கு, ‘அந்த வழக்கைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்’ என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவரை அறிந்த உங்களுக்கும் அது நினைவிருக்கும். முழுதும் தெரிந்தவர்கள் குறைவு.

குற்றவியல் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் சாட்சிக் கூண்டை நம்பி இருப்பவர்கள். சாட்சி குழம்புவார், மாற்றிச் சொல்வார், கட்சிக்காரர் விடுதலை ஆவார். செல்வநாயகி அம்மா அதற்கு முந்தைய படியிலேயே வழக்கை நிறுத்திப் பார்ப்பார். குற்றச்சாட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே, இந்த வழக்கில் விசாரிக்க ஒன்றும் இல்லை, என் கட்சிக்காரரை விட்டுவிடுங்கள் என்று கேட்பதுதான் விடுவிப்பு மனு. அந்தக் கட்டத்தில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் பக்கத்து ஆதாரம் எதையும் காட்ட முடியாது. போலீஸ் கொடுத்த காகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். “அவங்க சொல்றது அத்தனையும் நெசம்னே வெச்சுக்குங்க. அப்பவும் குத்தம் வருதான்னு பாருங்க” என்பார். குடிதண்ணீர் கேட்டுக் காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்த பெண்கள் மேல் போட்ட வழக்கை அவர் அப்படித்தான் ஒன்றுமில்லாமல் செய்தார். தடை உத்தரவு போட்ட அதிகாரிதான் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டிய குற்றத்துக்கு, போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்திருந்தது. பெண்கள் ஒரு நாள்கூடக் கூண்டில் ஏறவில்லை.

எல்லோருக்கும் அவர் அந்த மனுவைப் போட்டுவிட மாட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி முதலாளி ஒருவர், கூலி கேட்ட ஆளை இரும்புக் குழாயால் அடித்துவிட்டு அவரிடம் வந்தார். நான் வேறு வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தேன். காகிதத்தைப் படித்துவிட்டு அம்மா, “இது நிக்கிற கேசுங்க. விசாரணைக்குத் தயாராகிக்குங்க. மனுப் போட்டா ஆறு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அதுக்கு நான் வரமாட்டேன்” என்றார். அந்த ஆள் எழுந்து வேறு வக்கீலைத் தேடிப் போய்விட்டார்.

இனி அந்த வழக்கு.

சதீஷை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சட்டக் கல்லூரி முடித்ததும் அம்மாவின் அலுவலகத்துக்கு வந்தவன். அப்பா இல்லை. தாய் பாவாயி, இருந்த கொஞ்சம் நிலத்தில் வெள்ளாமை பார்த்தும் மாடு கறந்தும் அவனைப் படிக்க வைத்தவர். மதியச் சாப்பாடு அவனுக்கு அம்மா வீட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவன் திரும்பவில்லை. மதியம் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தலையில் அடிபட்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்து ராசப்பனுக்கும் அவர்களுக்கும் வண்டித்தடத் தகராறு இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இருவரும் காவல் நிலையம்வரை போய் வந்திருந்தார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்துச் சாலையில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். அந்த வாரமே ராசப்பனைக் கைது செய்தார்கள். கடப்பாரையால் அடித்துக் கிணற்றில் தள்ளினேன் என்று அவர் போலீசிடம் ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம். அவர் வீட்டிலிருந்து ஒரு கடப்பாரை. ராசப்பனுக்காக ஒருவரும் ஆஜராகக் கூடாது என்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் நிறைவேறியது. செல்வநாயகி அம்மா அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. சதீஷ் போன துக்கம் என்று நினைத்தோம்.

ராசப்பனின் மனைவி சங்ககிரி, ஈரோடு என்று அலைந்தும் வக்காலத்து வாங்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அம்மாவின் வாசலுக்கு வந்து நின்றார். நடந்ததை அம்மாவே பிறகு என்னிடம் சொன்னார். உள்ளே வரச் சொன்னதற்கு அந்தப் பெண் வரவில்லையாம். “உங்ககிட்ட வக்காலத்துக் கேக்க வரலீங்க வக்கீலம்மா. கேக்கற மூஞ்சியும் எனக்கில்ல. உங்க புள்ளையாட்ட இருந்தவனை எங்க ஊட்டுக்காரரு கொல்லலீங்க. அதை உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேனுங்க” என்றிருக்கிறார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவரை அம்மா கூப்பிட்டார். “குற்றப்பத்திரிகை நகல் இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வா, சாமி.”

மனுவைத் தாக்கல் செய்யும் முன் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபமாக இருந்தது.

“என்னங்கம்மா இது? உங்க ஆபீசுல வளர்ந்த பையனுங்க அவன்.”

“அதனாலதானுங்க வந்திருக்கறேன்” என்றார். “சாவுக்குப் போனப்ப அந்தக் கிணத்துமேட்டுக்கு நான் போனேன். மோட்டார் ஒயரை வெட்டியிருக்குது. வெட்டுன எடத்துல செம்பு பளபளன்னு மின்னுது. இந்தப் பக்கமெல்லாம் ஒயர் திருட்டு நடக்கறது உங்களுக்கே தெரியும். இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன். பார்க்கறேன்னாரு. அடுத்த நாளே ராசப்பனைப் புடிச்சாச்சு. அப்புறம் யாரு ஒயரைப் பார்க்கறது?”

“அதை விசாரணையில கேளுங்க. எப்படியும் விடுதலை வாங்கிருவீங்க. இப்ப எதுக்கு மனு? ஊரே கொதிச்சுக்கிட்டிருக்குது.”

“விசாரணை முடிய எத்தனை வருசம் ஆகும்னு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் கொலைகாரன் கெடைச்சுட்டான்னு போலீசு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கும். கடைசியில ராசப்பன் இல்லைன்னு ஆனா, அப்புறம் எவன் போய் எவனைத் தேடறது? இப்பவே இவனை எடுத்துரோணுங்க. எடுத்தாத்தான் மறுபடியும் தேடுவாங்க.”

எதிர்த்து வாதாடுவேன் என்றேன். “ஆடுங்க. அது உங்க வேலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சங்க அறையில் அவருடைய நாற்காலி இல்லை. எடுத்து வெளியே போட்டிருந்தார்கள். அவர் ஒன்றும் கேட்காமல், வராந்தாவில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் பிரித்தார். கார்க் கண்ணாடியில் யாரோ கழிவு ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அவரோடு பேசுவதைப் பலர் நிறுத்தினார்கள். அவர் வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை.

மனு விசாரணைக்கு வந்த நாளில் நீதிமன்றக் கூடத்தில் நிற்க இடமில்லை. வாசலில் பாவாயி காத்திருந்தார். அம்மாவைக் கண்டதும் பாய்ந்துவந்து கறுப்புக் கோட்டைக் கொத்தாகப் பிடித்தார். “உங்க ஊட்டுச் சோத்தைத் தின்னவனுங்க அவன்! அவனைக் கொன்னவனுக்கு நீங்களே பேசறீங்களா? உங்க மனசு கல்லாயிருச்சா?” பெண் காவலர்கள் கையை விடுவிக்க வந்தார்கள். அம்மா அவர்களை வேண்டாம் என்று தடுத்தார். “பாவாயி, போலீசு கையில ஒன்னுமே இல்லீங்க. இவனோட நிறுத்திட்டா வேற யாரையும் தேடமாட்டாங்க” என்றார் தணிந்த குரலில். பாவாயி அதைக் காதில் வாங்கவில்லை. கோட்டின் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தது. அந்தக் கோட்டோடுதான் அம்மா உள்ளே வந்தார்.

அவர் பேசியது கொஞ்ச நேரம்தான். கிணற்றையும் ஒயரையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கட்டத்தில் அதைப் பேசச் சட்டம் இடம் தராது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, அதை எடுத்துவிடலாம் என்றார். கடப்பாரையில் ரத்தக்கறை இல்லை என்று அரசின் ஆய்வகமே சொல்லிவிட்டது என்றார். “கடப்பாரை இல்லாத தோட்டம் எங்க பக்கத்துல ஒன்னு காட்டட்டுமுங்க.” ராசப்பனை அன்று காலை கிணற்றுப் பக்கம் பார்த்ததாக ஒரு சாட்சிகூடச் சொல்லவில்லை. மிஞ்சியது வண்டித்தடத் தகராறு. “தகராறு இருந்தா சந்தேகப்படலாம். சந்தேகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு ஒருத்தனைக் கொலைக்கேசுல கூண்டேத்த முடியாதுங்க ஐயா.” உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். முன்விரோதத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். சந்தேகம் வலுவானது என்றேன். நீதிபதி இடைமறித்தார்.

“வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?”

“முன்விரோதம் இருக்கிறது, ஐயா.”

“அதைத் தவிர?”

என் முதுகுக்குப் பின்னால் எங்கள் வழக்கறிஞர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். முன்வரிசையில் பாவாயி. கோப்பை இன்னொரு முறை புரட்டினேன்; அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். செல்வநாயகி அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேறு இல்லை, ஐயா” என்றேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ராசப்பன் விடுவிக்கப்பட்டார். கூடத்துக்குள் ஒரு கூச்சல் எழுந்து வெளியே பரவியது. வளாகத்தின் கேட்டை ஒட்டிக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராசப்பனைப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் அம்மாவிடம் போய், “உங்க காரைப் பின்பக்கம் நிறுத்தச் சொல்லியிருக்கறேனுங்க. அப்படியே போயிருங்க” என்றேன்.

“பின்னால போனா தப்புப் பண்ணிட்டுப் போறாப்பல ஆயிருமுங்க. நான் வாரேன்” என்று முன்வாசலுக்கு நடந்தார்.

கூட்டம் ஒரு ஆள் போகும் அளவுக்குத்தான் விலகியது. இரண்டு பக்கமும் வசவு. எங்கிருந்தோ வந்த ஒரு செருப்பு அவர் நெற்றியில் பட்டது. கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் நின்றார். குனிந்து கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்க லென்ஸ் உடைந்து போயிருந்தது. அதையே மாட்டிக்கொண்டு, முன்பிருந்த அதே வேகத்தில் நடந்து சாலைக்குப் போய்ப் பஸ் ஏறினார்.

மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டுக் கோப்பு வந்தது. வாய்ப்பில்லை என்று எழுதி அனுப்பினேன். கொலை நடந்திருக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை என்ற நிலைக்கு வழக்கு திரும்பியது. எதிரியில்லாத கொலை வழக்கு மேலதிகாரிகளை உறுத்திக்கொண்டே இருக்கும். வேறொரு அதிகாரியை நியமித்தார்கள். அம்மா அவரைக் கிணற்றுமேட்டுக்கே கூட்டிப்போய் ஒயரைக் காட்டினார். பிறகு நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாட்களில் அம்மாவுக்குப் புது வழக்குகள் வருவது மிகவும் குறைந்தது.

ஆத்தூர்ப் பக்கம் செம்புக் கம்பித் திருட்டில் சிக்கிய இரண்டு பேரிடம் அந்த அதிகாரி தோண்டிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அன்று காலை அவர்கள் ஒயரை வெட்டிக்கொண்டிருந்தபோது சதீஷ் வந்துவிட்டான். ஒருவனைப் பிடித்துவிட்டான். மற்றவன் ஸ்பேனரால் அடித்தான். அவர்கள் விற்றிருந்த சதீஷின் செல்போனும் கிடைத்தது. இந்த முறை வாக்குமூலத்தை எடுத்துவிட்டாலும் நிற்கிற வழக்கு. நான்தான் நடத்தினேன். இருவருக்கும் ஆயுள் தண்டனை. தீர்ப்பு நாளில் செல்வநாயகி அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசாமல் எழுந்து போனார்.

அதற்குப் பின் ஒரு நாள் அவர் அலுவலகத்தில் நான் இருந்தபோது பாவாயி வந்தார். வாசலிலேயே நின்று, “மன்னிப்புக் கேக்கற அளவுக்கு எனக்கு வாய் வரலீங்க வக்கீலம்மா. அவன் உக்கார்ற நாற்காலி எதுங்க?” என்று கேட்டார். அம்மா காட்டினார். பாவாயி அதில் உட்கார்ந்தார். மேசையைக் கையால் தடவினார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு எழுந்து, “வாரேனுங்க” என்று போனார். அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஓய்வு பெற்றபின் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “அந்த மனுவைப் போடறப்ப ராசப்பன் கொல்லலைன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமாங்க?”

அவர் தயங்கவே இல்லை. “தெரியாதுங்க” என்றார். “ஒயரைப் பார்த்தேன், சந்தேகமா இருந்துச்சு. அவ்வளவுதான். அவனே பண்ணியிருக்கலாம்னும் ராத்திரியில தோணும். என் பையனைக் கொன்னவனை நானே வெளியில எடுத்து உடறனோன்னு பயந்துக்கிட்டேதான் அன்னைக்கு எந்திரிச்சுப் பேசினேன்.”

நாங்கள் பார்த்ததெல்லாம் நிமிர்ந்து நடந்த ஒரு வழக்கறிஞரை. உள்ளே அவர் சுமந்த பயத்தை எங்களில் எவரும் பார்க்கவில்லை. அவருடைய சட்டப் புத்தகங்களை இளையவர்கள் பிரித்துக்கொள்ளட்டும். நான் அந்த ‘தெரியாதுங்க’வை எடுத்துக்கொள்கிறேன்.