அக்காவின் கூடையில் இடம் பெற்றவர்கள்

அக்காவின் வருட நினைவு நாளுக்காக அச்சிட்ட இந்த மலர் கைக்கு வந்ததும் நம் உறவினர்களில் பலர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நன்றி சொல்லும் இடத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருடைய பெயர் இருக்காது. அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம், நான்தான் விட்டேன்.

அக்கா அவர்கள் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டின் மூத்த குழந்தையாகப் பிறந்தார். பிறந்தவுடன் அழவில்லை. பார்வை நிழல் தெரியும் அளவுக்குத்தான். காதில் பெரிய சத்தம் மட்டும் விழும். பேச்சும் நடையும் வரவில்லை. டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். உறவினர்கள் எல்லோரும் ஒரே பெயர் சொன்னார்கள். "அதுக்குச் சாப்பாடு ஆச்சா?" "அத உள்ள படுக்க வைங்க, ஆளுங்க வராங்க." ஆகவே இந்தக் கட்டுரையில் மூச்சுக்கு மூச்சு "அவர்" என்றுதான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒன்பது வயதானபோது அடையாற்றிலிருந்து ஒரு டீச்சர் வாரம் இரண்டு நாள் வரத் தொடங்கினார். சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு தாம்பாளத்தில் துவரம் பருப்பைக் கொட்டச் சொன்னார். அக்காவின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நம் கையை அவர் கைக்கு அடியில் வைத்து மெல்லக் கொண்டுபோக வேண்டும் என்றார். "ஒண்ணு குடுத்துட்டு உடனே அடுத்தத நீட்டாதீங்கம்மா. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. பதில் வரும்." அம்மா பதினேழு எண்ணும்போது அக்காவின் விரல்கள் பருப்புக்குள் இறங்கின. அம்மா அழுதுவிட்டார். பிறகு ஈர மணல், தேங்காய் நார், காப்பித்தூள் டப்பா, ஐஸ் போட்ட டம்ளர் என்று ஒவ்வொன்றாக வந்தன. கிரைண்டர் ஓடும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்தால் அக்கா வாய்விட்டுச் சிரிப்பார்.

கே.கே. நகர் அத்தை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுற பருப்புல விளையாட்டா? இந்த வீடு எப்படி விளங்கும்?" என்று கேட்டார். அம்மா அந்தப் பருப்பையே கழுவி சாம்பார் வைத்தார். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த விஷயம் அவருக்கே இன்றுதான் தெரியும்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தவற்றில் முக்கியமானது ஒரு பிரம்புக் கூடை. அக்காவிடம் தொடர்ந்து வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பொருள் உண்டு. வந்திருப்பது யார் என்று அக்காவுக்குச் சொல்ல, அந்தப் பொருளை முதலில் அவர் கையில் வைக்க வேண்டும். அம்மாவுக்கு வளையல். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கூடு. அக்காவைக் குளிப்பாட்டிக் கால் பிடித்துவிடும் கஸ்தூரி அம்மாவுக்குத் தைல பாட்டில். அவர் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தவர். குடிசைகளை அகற்றி ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு மாற்றிய பிறகும் இரண்டு பஸ் மாறி வந்தார். எனக்கு மரச்சீப்பு, ஏனென்றால் அக்காவுக்குத் தலை வாருவது என் வேலை.

என் கல்யாணம் தி.நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததே சட்டம். வரனைப் பார்த்ததும் அவர்தான். "சம்பந்தி வீட்டுல இன்னும் சொல்லல. அது மேல ரூம்ல இருக்கட்டும். அதுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை வேறு யார் மீதும் போட எனக்கு வழியில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது அக்கா கஸ்தூரி அம்மாவுடன் மாடி அறையில் இருந்தார்.

மூன்றாம் நாள் என் கணவருக்கு விஷயம் தெரிந்தது. "இத ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டதோடு சரி. மறுவாரமே என் மாமியார் கையில் வெட்டிவேருடன் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கூடையில் வெட்டிவேருக்கு இடம் கிடைத்தது. யாருக்குப் பயந்து ஒளித்தோமோ அவர்கள் இதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

என் இடம்தான் பறிபோனது. நான் சீப்பைக் கையில் வைத்தால் அக்கா வீசி எறிந்தார். மற்றவர்களின் பொருள் எதையும் எறியவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வேளச்சேரியிலிருந்து போவேன், அவர் எறிவார், நான் பொறுக்குவேன். யார் மீது கோபப்பட வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு வலித்தது, பெருமையாகவும் இருந்தது. ஒன்பதாம் மாதம் ஒருநாள் சீப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பழிவாங்குவதை நான் அவரிடம்தான் கற்றேன்.

சென்ற ஐப்பசி மழையில் சளி நெஞ்சில் கட்டி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, நாற்பத்திரண்டாம் வயதில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். கடைசி நாளிலும் அம்மாவின் வளையலை வைத்ததும் விரல்கள் மூடிக்கொண்டன. காரியத்துக்கு வந்தவர்கள் "ஒரு வகையில விடுதலைதான்" என்றார்கள். யாருக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. பந்தி நடந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

கஸ்தூரி அம்மாவுக்கு நன்றி. டீச்சருக்கு நன்றி. அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, மாதம் ஒருமுறை கடற்கரை மணலில் கால் பதிக்க அழைத்துப்போன எங்கள் தெரு ஆட்டோக்காரருக்கு நன்றி. என் மாமியாருக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். பட்டியல் இவ்வளவுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் பெரியப்பா இந்த மலருக்காக ஒரு பத்தி எழுதி அனுப்பியிருந்தார். "ஒன்றும் அறியாத குழந்தையாகவே வாழ்ந்து இறைவனடி சேர்ந்தது" என்பது அதன் முதல் வரி. அதைக் கஸ்தூரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: "சின்ன பாப்பா, உன் கண்ணாலத்தன்னிக்கு ரூமாண்ட வந்தாரும்மா அவரு. பெரிய பாப்பா கைய நீட்டி அவரு வாட்ச்சு சங்கிலியத் தடவிப் பாத்துச்சு. பாத்துட்டு, கைய புட்ச்சிக்கினு அப்டி சிரிச்சுது. அவரு இன்னா செஞ்சாரு தெரியுமா? வெரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்துட்டு, வெளில தாப்பா போட்டுக்கினு போய்ட்டாரு. நல்ல நாளும் அதுவுமா உன்னாண்ட சொல்லி இன்னாத்துக்குன்னு உட்டுட்டேன்."

பெரியப்பா எங்கள் வீட்டிலேயே இருந்த வருடங்களில் அக்கா அவருடைய கடிகாரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் சாதம் சாப்பிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சங்கிலி எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால், பெரியப்பாவுக்கென்று கூடையில் பொருள் வைக்கத் தேவையே இருக்கவில்லை.

பெரியப்பா, நீங்கள் அனுப்பிய பத்தியை எடுத்துவிட்டு அதற்கு ஒதுக்கிய இடத்தில் இதை அச்சிட்டிருக்கிறேன். நீங்கள் யார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இன்று இந்தக் கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இனிமேல் தெரியும்.