ஒற்றன் தோள் கொடுத்த பக்கம்

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. ஒற்றர் கதை எதையாவது தொலைக்காட்சியில் போட்டால், திரையின் ஓரத்தில் பதினாறு என்றோ பதினெட்டு என்றோ ஒரு எண் வந்து நிற்கிறது. அவன் எண்ணைப் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான். யார் உட்கார்ந்து யோசித்து அந்த எண்ணைப் போட்டார்கள், எந்தக் காட்சிக்காகப் போட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் எஸ்டேட்டில் அந்த வேலையைப் பார்த்தவர் என் பெரியப்பா. அவர் ஒரு புத்தகத்துக்கு அப்படித் தீர்ப்புச் சொன்ன கதையை இத்தனை வருடம் கழித்துத்தான் யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கேரளத்தில் வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வரிசையாக வீடுகள், முதல் வீடு எங்களுடையது, அடுத்தது பெரியப்பா வீடு. கடைசி வீட்டில் ஓர் அத்தை இருந்தார். எங்களுக்கு ரத்த உறவு இல்லை. கணவர் இல்லாதவர், தனியாளாகக் கொழுந்து பறித்து, மகளைக் கட்டிக் கொடுத்து, தன் பாட்டில் இருந்தவர். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் கடைசி வீட்டு அத்தை.

பெரியப்பா சூப்பர்வைசர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் அவர் பெயர்களை வாசித்த பிறகுதான் ஆட்கள் வேலைக்குப் போவார்கள். ஆனால் மலையில் எந்த சூப்பர்வைசருக்கும் இல்லாத ஒரு மரியாதை அவருக்கு இருந்தது, படிக்கிற மனுஷன் என்ற மரியாதை. கீழே கடைத்தெருவில் இருந்த வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, ஓர் அலமாரி தமிழ்ப் புத்தகம் வந்தபோது அதைப் பற்றி முடிவு செய்ய அங்கே ஆள் இல்லை. கமிட்டியில் எல்லாரும் மலையாளம் படித்தவர்கள். அதனால் தமிழ்ப் புத்தகம் என்றால் பெரியப்பா படித்துச் சொல்ல வேண்டும், அவர் சரி என்றால் பிள்ளைகள் எடுக்கலாம். இது யாரும் எழுதி வைக்காமலே ஏற்பட்டுவிட்ட வழக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலத்தில் தடித்த ஒற்றர் நாவல் ஒன்று வந்து சேர்ந்தது. அட்டையில் தொப்பி வைத்த ஒருவன், கையில் துப்பாக்கி, பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். அந்த முதுகுதான் பிரச்சினை. யாரோ ஒரு தகப்பனார் அட்டையைப் பார்த்துவிட்டு வாயனசாலையில் சத்தம் போட்டிருக்கிறார். செக்ரட்டரி மேடேறி வந்து புத்தகத்தைப் பெரியப்பா கையில் கொடுத்தார்.

“சேட்டா, இது குட்டிகளுக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு வாயிச்சு ஒரு அபிப்ராயம் சொல்லணும்.”

பெரியப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தது. பச்சைத் திரை ஒன்றைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடியாது என்று செக்ரட்டரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கௌரவம் விடவில்லை.

அவர் கண்ட வழி இதுதான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என்னையே கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னார். இதில் ஏதோ இடிக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, நான் வாயைத் திறப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெரியப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வாசிப்பு நடந்தது. கடைசி வீட்டு அத்தையும் வந்துவிடுவார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், ஆனால் கதை என்றால் உயிர். முறத்தில் பீன்ஸை வைத்து ஆய்ந்துகொண்டே படியில் உட்கார்ந்து கேட்பார். நாவலில் ஓர் ஆணும் பெண்ணும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் பெரியப்பா கையை உயர்த்துவார்.

“அந்த இடத்தை விட்டுரு தாயி. அவுக வெளிய வந்ததுக்கு அப்புறம் வாசி.”

அவர்கள் எப்போது வெளியே வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நடுவில் உள்ளதை நான் மனதுக்குள் படித்தாக வேண்டும். படித்தேன், மிகவும் நிதானமாக. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்துக்குள் குனிந்து சிரிப்பார். பெரியப்பா திரைக்குப் பின்னால் இருந்து, “என்ன, இன்னுமா வெளிய வரல?” என்று கேட்பார். கொலைகளுக்கு அவர் கையை உயர்த்தவே இல்லை. கழுத்தறுத்தது, விஷம் வைத்தது, ரயிலிலிருந்து தள்ளியது எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டார். கதை விறுவிறுப்பு, கொடுத்துவிடலாம் போலத்தான் இருக்கிறது என்று பாதிப் புத்தகத்தில் சொல்லியும் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சரி என்று சொன்னதும் என் பெயரில் முதலில் எடுத்து, தாண்டிப்போன இடங்களை மறுபடி சாவகாசமாகப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

நாவலின் ஒற்றன் ஒரு துறைமுக ஊருக்கு அனுப்பப்படுகிறான். அங்கே கப்பலில் மூட்டை இறக்கும் தொழிலாளிகளோடு சேர்ந்து வேலை செய்து, அவர்களில் யார் தலைவர்கள் என்று மேலிடத்துக்குச் சொல்வது அவன் வேலை. கிரேன் ஓட்டுகிற ஒருவன் அவனைத் தம்பி மாதிரி வீட்டில் சேர்த்துச் சோறு போடுகிறான். ஒற்றன் அவன் பெயரையே முதலில் சொல்கிறான். கிரேன்காரனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சில மாதத்தில் பிணமாகத் திரும்பி வருகிறான். சாவு வீட்டுக்கு ஒற்றனும் வருகிறான். செத்தவன் மனைவி எழுந்து வந்து, முன்னால் நீ பிடி என்று அவனிடம் சொல்கிறாள். அவன் தோள் கொடுத்துத் தூக்கிப் போகிறான். அவ்வளவுதான் அந்தப் பக்கம். துப்பாக்கி இல்லை, முதுகு இல்லை. எனக்கு அலுப்பாக இருந்தது, சீக்கிரம் கடந்து போகப் பார்த்தேன்.

“இன்னொரு தரம் வாசி,” என்றார் பெரியப்பா.

முதல் தரம் சரியாக வாசிக்கவில்லை என்று சொல்கிறார் போல என்று நினைத்து, பள்ளிக்கூடத்து வாசிப்புப் போட்டியில் நிற்பது மாதிரி நிமிர்ந்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். மனைவி பேசுகிற இடத்தில் குரலைக் கூட உடைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தையின் கை முறத்தில் நின்றிருந்தது. பாராட்டுகிறார்கள் என்றே நினைத்தேன்.

“போதும், மூடி வை. இது பிள்ளைகளுக்கு வேணாம்,” என்றார் பெரியப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன் பெரியப்பா? இதுல ஒண்ணுமே இல்லையே, கொலை கூட இல்ல.”

“கொலை இருந்தா இருந்துட்டுப் போகுது.”

அத்தை அவர் பக்கம் திரும்பாமலே கேட்டார். “ஏண்ணே வேணாங்கிறீங்க?”

“சின்னப் பிள்ளைக மனசு கெட்டுப்போகும்மா. நாளைக்கு யாரு தோள் குடுத்தாலும் காட்டிக் குடுத்தவன் இவனா இருக்குமோன்னு பாக்கும்.”

“பாக்கட்டுமே. பாத்தா என்ன?”

இரண்டு பெரியவர்கள் என் புத்தகத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், அதில் ஒருவர் என் கட்சி என்று எனக்குத் தெம்பு வந்தது. அத்தைக்கு இன்னும் எடுத்துக் கொடுக்க நினைத்து, கதையில் எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டேன். “அத்தை, அவன்தான் காட்டிக் குடுத்தான்னு அந்தப் பொண்டாட்டிக்குத் தெரியுமா? புத்தகத்துல போடலையே.”

“தெரியாம இருக்குமா,” என்றார் அத்தை.

“அப்ப ஏன் அவனையே தூக்கச் சொன்னா?”

அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டிக் காம்புகளை ஓரமாக ஒதுக்கினார். குரலில் கோபமே இல்லை. “வேற யாரு வந்தாக, தூக்குறதுக்கு?”

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தார். போகிற போக்கில், “பிள்ளைகளுக்கே குடுங்கண்ணே, படிக்கட்டும்,” என்றார். பெரியப்பா கண்ணுக்கு மேலிருந்த திரையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் கண் கூசக் கூச, அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டுவார் பெரியப்பா என்று நான்தான் எடுத்துக் கட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு வாயனசாலைக்கு இறங்கினார். புத்தகத்தை மேசையில் வைத்தார். கொடுக்கலாம், பிள்ளைகள் எல்லாப் பக்கமும் படிக்கட்டும் என்று செக்ரட்டரியிடம் சொன்னார். முன்பெல்லாம் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அன்று அந்த ஒரு வாக்கியத்தோடு வெளியே வந்துவிட்டார். நான் அங்கேயே என் பெயரில் எடுத்துக்கொண்டேன். தாண்டிப்போன இடங்கள் எல்லாம் நான் நினைத்திருந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒற்றனுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள், அவன் இன்னோர் ஊருக்குப் போகிறான். அதன் பிறகு தமிழ்ப் புத்தகம் எதையும் பெரியப்பா படித்துச் சொல்லவில்லை. பார்வை முன்பு மாதிரி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னொரு விஷயமும் அந்த மழைக்காலத்தோடு நின்றது. நினைவு தெரிந்த நாளாக ஞாயிறு காலையில் பெரியப்பா கோடாலியோடு கடைசி வீட்டுக்குப் போய் விறகு பிளந்து, வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிட்டு வருவார். தனியாக இருக்கிற பொம்பளைக்கு ஒத்தாசை என்று லயத்தில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கண் ஆறுகிற வரைக்கும் போகாமல் இருந்தவர், ஆறியதும் பழையபடி புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அத்தை வாசலிலேயே நின்றார்.

“இனி வேணாம்ண்ணே. இருக்கிறதே கெடக்கு.”

பெரியப்பா கோடாலியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தார். பிறகு திரும்பி நடந்தார். வயசான காலத்தில் அவருக்கு ஒரு வேலை குறைந்தது, கண்ணுக்கும் நல்லது என்று நான் சந்தோஷப்பட்டு, “பெரியப்பா, இனி ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு,” என்று கேலி பண்ணிக்கொண்டே வந்தேன்.

பெரியப்பா இறந்துபோன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் எஸ்டேட்டில் பெரிய வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஆட்கள் கூடிப் பேசிய இடத்தையும், முன்னால் நின்றவர்களையும் யாரோ மேனேஜர் பங்களாவில் சொல்லிவிட்டார்கள். முதலில் வேலை போனது கடைசி வீட்டு அத்தையின் கணவருக்கு. ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துச் செத்துப்போனார். கம்பெனிக்குப் பயந்து சாவுக்கு ஆள் வரவில்லை. முன்னால் தோள் கொடுத்தது பெரியப்பா, அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அந்த வருடம்தான் பெரியப்பா சூப்பர்வைசர் ஆனதும். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்டதில்லை என்றாள் அம்மா. அவர் மேல் எனக்கு இருந்த பாசம் அதைக் கேட்டும் போகவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய கஷ்டம்.

அத்தை அன்று விறகு வேண்டாம் என்று சொல்லி அவரை விடுவித்தாரா, கதவைச் சாத்தினாரா என்று எத்தனை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அத்தை கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வருவார், அதைத்தான் அடுப்பில் வைத்து எரிப்பார். அவர் வீட்டுக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு விறகு அடுக்கிக் கிடந்தது. அடியில் இருந்ததெல்லாம் மக்கி, மழைக்குக் காளான் பூத்து, பாசி படிந்திருந்தது. நாங்கள் அதன் பின்னால்தான் ஒளிந்து விளையாடுவோம். அதிலிருந்து ஒரு துண்டையாவது அத்தை எடுத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.