மருந்து பூசிய குழாய்

டொமிட்டிலா முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். நக இடுக்கைப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்ப்பாள். கோழிகளை வெளியே துரத்தி, மின்விசிறியை நிறுத்தி, இருவர் வாயையும் துணியால் மூடியாயிற்று. இனிதான் கணவனின் நெஞ்சில் போட்ட மருந்துக் கட்டைத் தொடுவாள்.

எவரிஸ்தோவுக்கு நாற்பத்தொரு வயது. வெயிலில் கரும்பு வெட்டியே சிறுநீரகம் போனவன். அந்தத் தெருவில் ஐந்து வீடுகளில் இப்படி நெஞ்சில் டயாலிசிஸ் குழாய் தொங்கும் ஆண்கள் இருக்கிறார்கள். இவனுடைய முதல் இரண்டு குழாய்களும் கிருமி தொற்றிப் போயின. மூன்றாவது, கிருமியைக் கொல்லும் மருந்து பூசியது. இதுவும் போனால் அடுத்ததைப் போட நல்ல இரத்த நாளம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

டொமிட்டிலா நர்ஸிடம் மூன்று நாள் நின்று கட்டுப்போடப் பழகியவள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெருவுக்கே பாடம் எடுப்பாள். டார்ட்டியா ரொட்டி வாங்கப் போன இடத்தில்கூட, "கை கழுவினியா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை கட்டைப் பிரித்தபோது, பஞ்சுக்கடியில் கறுப்பாக ஏதோ இருந்தது.

"என்னய்யா இது கரி?"

"அடுப்புப் பக்கம் நின்னேன்."

"வெட்டுக்கு முன்னாடி வயல்ல கொளுத்துற கரும்புச் சோகை எந்த அடுப்புல எரியுது?"

அவன் கூரையைப் பார்த்தான். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையில் தவறியவர்களைச் சர்க்கரை ஆலை கரும்பு வெட்ட எடுக்காது. தவறியவர்கள் உறவுக்காரன் யாராவது ஒருவன் பெயரில் போவார்கள்.

"ஃபெர்மின் பேர்ல ரெண்டு நாள்தான் போனேன். குழாய்லதான் மருந்து பூசியிருக்கே. கிருமி அண்டாதுன்னு சொன்னாங்கல்ல?"

"குழாய்க்குப் பூசியிருக்காங்க. குழாய் நுழையிற ஓட்டைக்கு யாருய்யா பூசினா? வேர்வையும் சாம்பலும் அது வழியாத்தான் போவும்."

"உக்காந்து திங்க வெக்கமா இருக்குடி."

"வெக்கத்துக்கு எங்கிட்ட மருந்தில்ல. ஆடாம உக்காரு."

ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் துடைத்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் புதுப் பஞ்சு. ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தாள், சீழ் இல்லை. புதுக் கட்டின்மேல் தேதி எழுதினாள்.

"குளிர் நடுக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரி. மறைச்சே, கொன்னுடுவேன்."

"நீ வேற எதுக்கு? அதுவே கொன்னுடுமே."

அவள் வெப்பமானியை உதறி அவன் அக்குளில் வைத்தாள்.

மறுநாள் விடியலில் தெருமுனையில் கரும்பு வெட்ட ஆளேற்றும் லாரி ஹார்ன் அடித்தது. எவரிஸ்தோ எழுந்து கட்டிலுக்கடியில் பூட்ஸைத் துழாவினான். கையில் வெப்பமானிதான் அகப்பட்டது. பூட்ஸ் லாரியில் ஏறியிருந்தன, கந்தல் திணித்து, டொமிட்டிலாவின் கால்களில்.